மொரிஸ் மைனருக்குக் கூரை மேயிறது

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. ஆலங்குடாச் சந்தியில ஒரு அரை மணித்தியாலம் நில்லுங்க. துணிக்கூரை போட்ட வாகனம் எத்தனை போகுது என்று எண்ணுங்க. ‘கன்வர்ட்டிபிள்’ என்றதும் ஹொலிவுட் படமும் சிவப்புக் காரும் காத்துல பறக்கிற தலைமுடியும்தான் உங்களுக்கு ஞாபகம் வருதென்றால், எண்ணிக்கை பூச்சியத்துலயே நிற்கும். நான் எண்ணுற முறை வேற. த்ரீவீலையும் சேர்த்துக்குவேன். வளைச்ச இரும்புக் குழாய், அதுக்கு மேல இழுத்துக் கட்டின ரெக்சின், முதுகுப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். அது துணிக்கூரை இல்லாம வேற என்ன? வில்பத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு எலுவாங்குளம் பக்கம் போற பழைய ஜீப்புகளையும் சேர்த்தா, எங்கட பக்கம் துணிக்கூரை வாகனங்களால நிறைஞ்ச ஊர்.

நாங்க அதை அப்படிப் பார்க்கிறதில்ல, அவ்வளவுதான். ‘ஹூட்’ என்று ஒரு சொல்லைச் சொல்லிட்டுப் போயிடுறோம். அந்த ஹூட்டைத் தைக்கிற ஆளையும் அப்படித்தான். அவர் பேர் யாருக்கும் தெரியாது, ‘குஷன் பாஸ்’ அவ்வளவுதான்.

இதை இப்ப எழுதுறதுக்குக் காரணம் மாமாவின் கார். உம்மாவின் மூத்த சகோதரர். அவரிட்ட ஒரு மொரிஸ் மைனர் கன்வர்ட்டிபிள் இருக்கு. சும்மா கொட்டிலுக்குள்ள மூடி வச்சிருக்கிற கார் இல்ல, உழைக்கிற கார். கலியாணத்துக்கு மாப்பிள்ளை ஏத்தும், ஹோட்டலுக்கு வர்ற வெள்ளைக்காரங்களைக் கடற்கரைப் பக்கம் ஒரு சுத்து சுத்திக் காட்டும். கைட் ஓடுற காலம் முழுக்க ஏதோ ஒரு வேலை இருக்கும். போன வருஷக் கடைசி மழையில, ஒரு கலியாண வீட்டு வாசல்ல, பொண்ணு மாப்பிள்ளை உள்ள இருக்கும்போதே முதுகுப் பக்கத் தையல் பிரிஞ்சு தண்ணி ஒழுகினது. பொண்ணுட சாரியில பட்டுச்சு. மாமா கூலி வாங்கல. அடுத்த நாளே மூணு கலியாணத்துக்கு வர ஏலாது என்று சொல்லிட்டார்.

அதுக்குப் பிறகு எங்கட வீட்டில ரெண்டு மாசமா ஒரே வாதம். ஒரு பக்கம், தகரத்தை அடிச்சு நிரந்தரமா மூடிடு. இன்னொரு பக்கம், இங்கிலாந்திலிருந்து ஒரிஜினல் ஹூட் செட் எடு. மூணாவது, நம்ம ஆக்கள்ட்டயே தைச்சுக்க. நான் மூணாவது கட்சி. இப்பவும் அந்தக் கட்சிதான். ஆனா அதை நான் சொன்ன விதத்துல ஒரு பிழை இருந்தது, அதையும் சொல்றேன்.

காரைப் பத்திக் கொஞ்சம். மொரிஸ் மைனரை வடிவமைச்சவர் அலெக் இசிகோனிஸ், பின்னாள்ல ‘மினி’யையும் செய்தவர். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில முதல்முதலாக் காட்டினாங்க. அன்றைக்கே இரும்புக்கூரைக் காரோட துணிக்கூரைக் காரும் வந்திட்டு. அப்ப அதுக்குப் பேர் ‘டூரர்’. பின்சீட்டுக்குப் பக்கத்துல கழட்டி மாட்டுற பக்கத்திரை வச்சிருந்தாங்க. 1951இலிருந்து அந்த இடத்துக்கு நிலையான கண்ணாடி வந்திட்டு. அதனால மாமாவின் காரில கூரையும் முதுகும் மட்டும்தான் மடியும். கதவுச் சட்டம், பக்கக் கண்ணாடி எல்லாம் நின்றபடியே நிற்கும். 1969 வரைக்கும் இந்தக் கன்வர்ட்டிபிள் தயாரானது. எல்லா வகையும் சேர்த்து 16 லட்சம் மைனர் செய்திருக்காங்க. அதுல ஒரு பங்கு இலங்கைக்கும் வந்தது. டொக்டர், ஆசிரியர், கச்சேரி உத்தியோகத்தர் என்று நடுத்தர வீட்டுக் காராகவே அது இங்க வாழ்ந்தது. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதியை நிறுத்தினதும், 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்ததும் எல்லாருக்கும் தெரியும். இடையில இருந்த அஞ்சு வருஷமும் பழைய வாகனத்தைத் திருத்தித் திருத்தி ஓட்டின காலம். பழசைத் திருத்துறது நமக்குப் பொழுதுபோக்கு இல்ல.

இனி அந்தத் தகரக் கட்சி.

அதுக்குத் தலைவர் எங்கட வாப்பா. வாப்பா ஆலங்குடா ஆள் இல்ல, மன்னார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேத்தினப்போ ஏறக்குறைய 75,000 பேர் ஊரை விட்டாங்க. அதுல பெரும்பங்கு புத்தளம் மாவட்டத்துக்குத்தான் வந்தது. மன்னார்ச் சனத்துல நிறையப் பேர் கடல் வழியா வந்து கற்பிட்டியில இறங்கினாங்க. வாப்பாவுக்கு அப்ப பதினொரு வயசு. முதல் மாசங்கள் தறப்பாளுக்குக் கீழ. பிறகு கிடுகு. பிறகு தகரம். ஓடு போட்ட கூரைக்குக் கீழ அவர் படுத்தது கலியாணம் முடிச்ச பிறகு, இந்த ஊர்ப் பொண்ணான எங்கட உம்மாவோடதான்.

நான் மாமாவுக்கு முன்னால, துணிக்கூரைதான் அந்தக் காரின் அழகு, தகரம் அடிச்சா அதன் உயிரே போயிடும் என்று பெரிய பேச்சுப் பேசினேன். வாப்பா கேட்டுக்கிட்டு இருந்திட்டு ஒரே ஒரு வசனம் சொன்னார்:

“துணிக்குக் கீழ இருந்து பார்க்காதவங்களுக்குத்தான் மகள் துணி அழகா தெரியும்.”

எனக்குப் பதில் வரல. மேல சொன்ன பிழை அதுதான். அழகைப் பத்திப் பேசினா வாப்பாவிட்ட வெல்ல ஏலாது, வெல்லவும் கூடாது. அவர் சொல்றது சரி. ஒழுகுற கூரைக்குக் கீழ இரவு முழுக்க முழிச்சிருந்த ஆக்களுக்கு முன்னால, மடிக்கிற கூரையைக் கலை என்று சொல்றது கொஞ்சம் வெட்கமான வேலை.

ஆனா தகரம் பிழை. அதுக்கு அழகு காரணமில்ல, வேலையே காரணம். கன்வர்ட்டிபிளுக்குக் கூரை தாங்காத குறையை ஈடு செய்ய, அடிப்பக்கத்துலயும் கதவுத் தூண்லயும் மேலதிக இரும்பு வச்சுத்தான் செய்திருக்காங்க. மேல தகரத்தைப் பத்த வச்சா பலம் கூடாது. பத்தின வாயெல்லாம் துரு பிடிக்கத் தொடங்கும். எங்கட பக்கம் கடலுக்கும் களப்புக்கும் நடுவில ஒரு ஒடுங்கின நிலத்துண்டு. காத்து எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உப்போடதான் வரும். மேலதிகமா ஒரு தையல் பிரிஞ்சா தைக்கலாம், ஒரு பத்தல் துருப்பிடிச்சா வெட்டத்தான் வேணும். அதோட, மூடின மைனர் ஊருக்குள்ள எத்தனையோ இருக்கு. மாமாவுக்குக் கூலி வர்றது திறக்கிறதாலதான். திறக்காட்டி அது இன்னொரு பழைய கார்.

இங்கிலாந்துக் கட்சி மாமாவின் மகன். யூடியூப்ல எல்லாம் பார்த்து வச்சிருக்கார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு: மைனருக்கு இன்னும் அங்க அளவா வெட்டித் தைச்ச ஹூட் விற்கிறாங்க, ‘மொஹெயர்’ வகைத் துணியிலயே எடுக்கலாம். பேருக்குத்தான் மொஹெயர், இப்ப வர்றது பெரும்பாலும் மேல அக்ரிலிக், நடுவில ரப்பர், கீழ இன்னொரு துணி என்று மூணு அடுக்கு. நல்ல சாமான். குளிர் நாட்டுக்கு மிச்சம் நல்லது. ஆனா அதன் மேல்பக்கம் இழை இழையா இருக்கிறதால உப்பும் தூசியும் உள்ள போய் உட்காரும். உப்பு ஈரத்தை இழுத்து வச்சுக்கும். இங்க அதோட சாம்பலும் இருக்கு. 2011இல் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் பகுதி ஓடத் தொடங்கினது, இப்ப மூணு பகுதியும் சேர்த்து 900 மெகாவொட். காத்தோட வர்ற சாம்பலைப் பத்திச் சுத்துவட்டாரச் சனம் எத்தனையோ வருஷமா முறையிட்டுக்கிட்டு இருக்கு. உடுப்புக் காயப் போடுற கயித்தைக் கேட்டா அதுவே சொல்லும். அந்தத் தூசியை மொஹெயரிலிருந்து எடுக்கிறது லேசில்ல. வழுவழுப்பான பிவிசி பூசின துணியென்றால் ஒரு வாளி நல்ல தண்ணி போதும். கார் ரசிகர்களுக்கு இது கெட்ட வார்த்தை என்று தெரியும். பரவாயில்ல.

எனக்கு இன்னொரு கோபமும் இருக்கு. ஒரிஜினல் என்றால் கப்பல்ல வரணும் என்ற நினைப்பு. பிரிட்டனில், பாத் நகரில மொரிஸ் மைனர் திருத்துற நிலையம் நடத்தின சார்ல்ஸ் வேர் என்று ஒருத்தர் இருந்தார். கார் என்பது வீசுற சாமான் இல்ல, திருத்தித் திருத்தி வாழ்நாள் முழுக்க வச்சிருக்கலாம் என்று 1980களிலேயே புத்தகம் எழுதினவர். அவர் 1990களில் இலங்கைப் பங்காளி ஒருத்தரோட சேர்ந்து காலிப் பக்கத்துல மைனருக்கு உதிரிப்பாகம் செய்யிற வேலையைத் தொடங்கினார். இங்க தட்டி வளைச்ச தகரம் அங்க போய் இங்கிலாந்துக் காரில ஏறினது. அவங்கட காரின் அடித்தளத்தை நம்ம ஆக்கள் செய்து கொடுக்கலாம். நம்ம காரின் கூரையை நம்ம ஆக்கள் தைக்கக் கூடாதா?

சரி, தைச்சோம். புத்தளம் டவுணுக்குக் கிட்ட ஒரு பாஸ். வயசு அறுபதைத் தாண்டியிருக்கும். த்ரீவீல் ஹூட், பஸ் சீட், லொறித் தறப்பாள், படகுக்கு மூடி எல்லாம் தைக்கிறவர். சிங்களம், தமிழ் ரெண்டும் ஒரே வசனத்துல பேசுவார். மைனர் ஹூட் கடைசியா எப்ப தைச்சார் என்று கேட்டதுக்கு, “மகள் பொறக்க முந்தி” என்றார்.

அவர் செய்த முதல் வேலை எதையும் கழட்டாததுதான். கிழிஞ்ச ஹூட் காரில இருக்கும்போதே, வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில எத்தனை அங்குலம் என்று நாலு இடத்துல அளந்து கொப்பியில எழுதினார். என்னை போனில படமெடுக்கச் சொன்னார், ஒவ்வொரு மூலையும். பழைய துணியில சோக்கால ஒரு நடுக்கோடு போட்டார். பிறகுதான் ஆணியைப் பிடுங்கினது. இதைக் கவனமாச் சொல்றதுக்குக் காரணம், முந்தி இந்தக் காருக்கு ஹூட் தைச்ச இடத்துல பழசைக் கிழிச்செறிஞ்சுட்டு, வெறும் கம்பியைப் பார்த்து அளவெடுத்திருக்காங்க. துணி இல்லாத கம்பிக்கு நிலை கிடையாது. அதை அரை அங்குலம் முன்னுக்கும் தள்ளலாம், பின்னுக்கும் தள்ளலாம். அந்த அரை அங்குலம்தான் பிறகு கண்ணாடிக்கு மேல இடைவெளியா வந்து நின்றது. கிழிஞ்ச ஹூட்டுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கு: புது ஹூட்டுக்கு அளவு சொல்றது.

கழட்டினதும் எல்லாம் தெரிஞ்சது. முன்கண்ணாடிக்கு மேல வந்து பூட்டுற சட்டம் மரம். அது மேல வெள்ளையா, உள்ளுக்குள்ள புட்டு மாதிரி உதிர்ந்திருந்தது. இரும்பு ஆணி அடிச்சிருந்தாங்க. ஆணி துருப்பிடிச்சு வீங்கி, மரத்தைப் பிளந்து, துணியையும் தின்றிருந்தது. வளைவுகளை ஒண்டோட ஒண்டு கட்டி வச்சிருக்கிற நாடா இத்துப்போய் இழுபட்டிருந்தது. தையல் நூல் விரலால இழுத்தாலே அறுந்தது. துணி மட்டும் இன்னும் ரெண்டு வருஷம் போயிருக்கும் போல இருந்தது. உம்மா வீட்டில உடுப்புத் தைக்கிறவ. ஒரு நூல் துண்டைக் கையில எடுத்துப் பார்த்திட்டு, “இது நைலோன், வெயிலுக்கு ஆகாது” என்றா. நைலோன் நூல் பலம் கூடினதுதான், ஆனா நாள் முழுக்க வெயில்ல நின்றா பொலியெஸ்டரை விடச் சீக்கிரம் இத்துப்போகும். பாஸ் உம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அதுக்குப் பிறகு உம்மாவோடதான் கதை, என்னோட இல்ல.

புது மரச்சட்டத்துக்குத் தேக்கு. பழசை மாதிரியே வளைவு எடுத்து, எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசி. இரும்பு வளைவுகளைச் சுரண்டி, ஒரு இடத்துல பத்த வச்சு, துருத்தடுப்புப் பூசி, கறுப்பு அடிச்சாச்சு. இது முடிஞ்சு ரெண்டு நாள் காய விட்டோம். மாமாவுக்கு அந்த ரெண்டு நாளும் பொறுக்கல.

பிறகு நாடா. இந்த நாடாவை யாரும் கவனிக்கிறதில்ல, வெளியில தெரியாது. ஆனா ஹூட்டின் வடிவமே அதுலதான் இருக்கு. கொப்பியில எழுதின அங்குலத்துக்கு வளைவுகளை நிறுத்தி, நாடாவை இழுத்துக் கட்டினார். கையால தட்டினா மத்தளம் மாதிரிச் சத்தம் வரணும் என்றார். வரல. அவருக்கு அது போதும் போல இருந்தது, மத்தியானமும் ஆகிட்டு.

அப்பதான் வாப்பா வந்தார். எங்களுக்குச் சோறு கொண்டு வந்தவர். காரைச் சுத்தி ஒரு தரம் நடந்தார். ரெண்டாவது வளைவுக்கும் மூணாவது வளைவுக்கும் நடுவில கையை வச்சு அமத்தினார்.

“இதுல தண்ணி தேங்கும்,” என்றார்.

பாஸ் இல்லை என்றார். துணி வந்தா இறுகிடும் என்றார்.

“இறுகாது. முதல் மழைக்கு ஒரு கோப்பை தேங்கும். அந்தப் பாரத்துக்கு இழுபடும். ரெண்டாவது மழைக்கு ஒரு சட்டி. மூணாவது மழையில தையல்ல இறங்கும். நான் பார்த்திருக்கேன்.”

எங்க பார்த்தீங்க என்று யாரும் கேட்கல. பாஸ் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கிட்டு நின்றார். பிறகு நாடாவைக் கழட்டி, நடுவில இன்னொரு நாடா குறுக்கப் போட்டு, திரும்ப இழுத்தார். வாப்பா ஒரு நுனியைப் பிடிச்சார். கட்டி முடிய வாப்பாவே தட்டிப் பார்த்தார்.

தகரம் பத்திப் பிறகு அவர் ஒண்டும் சொல்லல. சம்மதிச்சார் என்று நான் எழுத மாட்டேன். சோறு ஆறிப்போகுது என்றுதான் சொன்னார்.

துணி வெட்டுறதும் தைக்கிறதும் பாஸ் கடையில. மணல் நிறத்துல, பின்பக்கம் பருத்தித் துணி ஒட்டின பிவிசி எடுத்தோம். கறுப்பு வேணும் என்று மாமாவின் மகன் கேட்டார். நம்ம வெயில்ல கறுப்பு சூட்டை இழுக்கும் என்று விட்டாச்சு. த்ரீவீலுக்குப் போடுற மெல்லிய ரெக்சினும் வேணாம் என்றோம், மடிச்சு மடிச்சு விரிக்கிற இடத்துல அது வெடிக்கும். லொறித் தறப்பாளும் வேணாம். அது மடியவே மடியாது. இந்தத் துணியில ஒரு ஊசிக் குத்து என்றால் நிரந்தர ஓட்டை. பருத்தித் துணி மாதிரிப் பிரிச்சுத் திரும்பத் தைக்க ஏலாது. அதனால பாஸ் முதல்ல ஒரு பழைய பெட்ஷீட்டில முழு ஹூட்டையும் தைச்சு, காரில போட்டுப் பார்த்து, திருத்தி, அதுக்குப் பிறகுதான் உண்மையான துணியை வெட்டினார். தையல் எல்லாத்துலயும் மேல்மடிப்பு கீழ்நோக்கி, ஓட்டில ஓடு ஏறுற மாதிரி. கிடுகு மேயிறவங்களும் கீழ் வரிசையில தொடங்கி மேல போறது இதுக்குத்தான், தண்ணி மூட்டுக்குள்ள ஏறாம வழிஞ்சு போகணும். ‘கூரை மேயிறது’ என்று தலைப்பு வச்சதுக்கு இதுதான் காரணம், வேற இலக்கியக் காரணம் ஒண்டுமில்ல.

மாட்டினது ஒரு ஏப்ரல் மாசப் பகல். வேணுமென்றே அந்த நேரம் பார்த்தோம். மே தொடங்கினா காத்துக் காலம், விரிச்ச துணி கையில நிற்காது. அதோட வெயில்ல பிவிசி இளகும், இழுக்க வரும். துணியை ஒரு மணித்தியாலம் மணல்ல பாயை விரிச்சு அதுக்கு மேல காய வச்சோம். சோக்கு நடுக்கோட்டைச் சட்டத்தின் நடுக்கோட்டோட சேர்த்து, முதல்ல பின்பக்கம் பிடிச்சாச்சு. பிறகு முன்னுக்கு இழுக்கிறது. ரெண்டு பக்கமும் ஒரே ஆள் இழுக்கக் கூடாது, ரெண்டு பேர் ஒரே நேரம் இழுக்கணும். இல்லாட்டித் தையல் ஒரு பக்கம் சாயும். முன் சட்டத்தைக் கண்ணாடியில பூட்டி, துணி விளிம்பு வர்ற இடத்துல சோக்குக் கோடு. பூட்டைத் திறந்து, கோட்டைத் தாண்டி இன்னும் கால் அங்குலம் இழுத்து ஒட்டினார். திரும்பப் பூட்டும்போது அந்தக் கால் அங்குலம்தான் ஹூட்டை இறுக்கிப் பிடிக்கிறது. கம் ரெண்டு பக்கமும் பூசி, கையில ஒட்டாத அளவுக்குக் காய விட்டுத்தான் சேர்க்கணும். அவசரப்பட்டா வெயில்ல கழன்று வரும். கடைசியா ஸ்டேப்பிள், துருப்பிடிக்காத இரும்பில. வாளி விலையில ஒரு பெட்டி, ஆனா இந்த ஊரில அதுல கஞ்சத்தனம் பார்த்தா பழைய ஆணிக் கதைதான் திரும்ப வரும்.

பூட்டுப் போட நாலு பேர் வேணும் என்று நினைச்சோம். மாமா தனியா ஒரு கையால இழுத்துப் பூட்டினார். இறுக்கம்தான், ஆனா பூட்டினது.

இப்ப சல்லிக் கதை. பாஸ் கேட்ட கூலி இங்கிலாந்து செட்டின் விலையில, கப்பல் கூலியும் சுங்கமும் சேர்க்காமலே, பாதி கூட இல்ல. அதுக்கே எங்கட ஆக்கள் பேரம் பேசினாங்க. பெயின்ட் அடிக்கிறவருக்கு ஒருத்தரும் பேரம் பேசல, என்ஜின் பாஸுக்கும் பேசல. தையல் என்றால் மட்டும், “சும்மா தையல்தானே.” பெட்ஷீட்டில முழு ஹூட்டைத் தைச்சுக் காட்டின அந்த நாளுக்கு யாரும் கூலி கணக்குப் பார்க்கல. அவரிட்ட வேலை பழக ஆள் இல்லாததுக்கு இதை விட வேற காரணம் தேட வேணாம். ரெண்டு பேர் வந்தாங்களாம், ஒருத்தர் கட்டாருக்குப் போனார், மற்றவர் த்ரீவீல் எடுத்திட்டார். அந்த த்ரீவீலுக்கு ஹூட் தைச்சதும் பாஸ்தான்.

(சொல்லுக்கு ஒரு சின்னச் சுற்று: ‘பாஸ்’ என்ற நம்ம சொல் ஒல்லாந்தர் விட்டுட்டுப் போனது, அவங்கட மொழியில வேலைத்தலத்துத் தலைவர். கூரைத் துணிக்கு ஆங்கிலத்துல ‘டக்’ என்று ஒரு பேர் இருக்கு, வாத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அதுவும் துணி என்று பொருள்படுற ஒல்லாந்துச் சொல்தான். 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கினவங்க பாய்மரத் துணியோட வந்தவங்க. இந்தக் கரையில துணி தைக்கிறது புது வேலை இல்ல.)

ஆலங்குடாக் கடற்கரையில கைட் விடுறவங்களைப் பாருங்க. அந்தக் கைட்டும் துணிதான். பவளப் பாறையில உரசினாலும், முருங்கை மரத்துல மாட்டினாலும் கிழியும். அதைத் தைக்கத் தெரிஞ்ச நம்ம பொடியன்மார் இருக்காங்க. பொலியெஸ்டர் நூல், சிக்-சாக் மெசின், ஒட்டுத் துணி எல்லாம் வச்சிருக்காங்க. ஒரு கைட்டுக்கு வெளிநாட்டுக்காரர் கொடுக்கிற கூலிக்கு யாரும் பேரம் பேசுறதில்ல. அதே நூல், அதே வெயில், அதே உப்பு. கைட் தைக்கிற பொடியனுக்கு ஹூட் தைக்கத் தெரியாம இருக்கிறதும், ஹூட் தைக்கிற பாஸுக்கு கைட் தைக்கிற சல்லி கிடைக்காம இருக்கிறதும் என்னால விளங்கிக்க முடியாத விஷயம். ரெண்டு பேருக்கும் நடுவில தூரம் பாலாவி ரோட்டில ஒரு பஸ் ஓட்டம். காத்து இல்லாத மாசங்கள்ல கைட் பொடியன்மாருக்கு வேலையும் இல்ல. நான் இதை ரெண்டு பேரிட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தர் சிரிச்சார். மற்றவர் பாஸின் நம்பர் கேட்டு வாங்கினார். பேசினாரா என்று இன்னும் தெரியாது.

ஹூட் வச்சிருக்கிறவங்களுக்கு, பாஸ் மாமாவுக்குச் சொன்னதை அப்படியே: முதல் ரெண்டு கிழமை மடிக்க வேணாம், நிமிர்த்தியபடியே விடுங்க, துணி தன் வடிவத்தைப் பிடிக்கட்டும். ஈரமா இருக்கும்போது ஒருநாளும் மடிக்க வேணாம், பூஞ்சணம் பிடிக்கும். கடற்கரையில இருந்து வந்தா அன்றைக்கே நல்ல தண்ணியால கழுவுங்க, சோப்புத்தூள் வேணாம். பிளாஸ்டிக் ஜன்னலைக் காய்ஞ்ச துணியால துடைச்சா உப்பு கீறும், முதல்ல தண்ணி ஊத்துங்க. மடிக்கும்போது ஜன்னலுக்கு நடுவில ஒரு பழைய துவாய்.

எங்கட ஊரில ஏப்ரலுக்குப் பிறகு பெரிய மழைக்கு ஒக்டோபர் வரைக்கும் காத்திருக்கணும். வாப்பா காத்திருக்கல. மாட்டின அன்றைக்கு அஸர் தொழுதிட்டு வந்து, கிணத்திலிருந்து ஆறு வாளி அள்ளி, ரெண்டாவது வளைவுக்கும் மூணாவது வளைவுக்கும் நடுவில மெதுவா ஊத்தினார். நான் உள்ள இருந்து டோர்ச் அடிச்சுப் பார்த்தேன். தண்ணி ரெண்டு பக்கமும் பிரிஞ்சு ஓடினது. பின் ஜன்னலின் இடப்பக்க மூலையில மட்டும் ஒரு சொட்டு. பாஸ் அடுத்த நாள் வந்து அந்த மூலைத் தையலுக்கு உள்பக்கமா மெழுகு தேய்ச்சார்.

போறதுக்கு முன்னால முன் சட்டத்தின் உள்பக்கம், துணி மூடுற இடத்துக்குப் பக்கத்துல, பென்சிலால மாசமும் வருஷமும் எழுதினார். பழைய ஹூட்டைச் சுருட்டிக் கட்டி, அளவுக் கொப்பியை அதுக்குள்ளயே செருகி, வீச வேணாம் என்று மாமாவிட்டக் கொடுத்தார். அது இப்ப எங்கட வீட்டு அலுமாரிக்கு மேல இருக்கு.